பட்டாளத்துக்காரரின் நினைவு மலரை எழுதும் முன்

சென்னையில் ஒரு பட்டாளத்துக்காரர் காலமானால், உடல் வீட்டில் இருக்கும்போதே தெருமுனையில் ஃபிளெக்ஸ் கட்டிவிடுகிறார்கள். பதினாறாம் நாள் படத்திறப்புக்குள் நினைவு மலரும் அச்சாகி வந்துவிடுகிறது. இரண்டிலும் வரும் பிழைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஹவில்தாராக வெளிவந்தவர் அதைவிட மேலான சுபேதார் ஆகியிருப்பார். சிக்னல்ஸில் (ராணுவத் தகவல்தொடர்புப் பிரிவில்) இருந்தவர் படத்தின் பக்கத்தில், இணையத்தில் எடுத்த மதராஸ் ரெஜிமென்ட் யானைச் சின்னம் இருக்கும். "71 போரில் எதிரிகளைச் சிதறடித்தவர்" என்று ஒரு வரி இருக்கும். அந்த டிசம்பரில் அவர் செகந்திராபாத்தில் ஒரு பணிமனையில் லாரி எஞ்சினை இறக்கிக்கொண்டிருந்திருப்பார்.

அன்பினால் வரும் பிழைகள்தாம். ஆனால் அந்த ஒற்றை வரி, அவர் உண்மையில் பார்த்த பதினைந்து, இருபது வருட வேலையை மறைத்துவிடுகிறது. எஞ்சின் இறக்கியவர் இல்லாமல் எந்த வண்டியும் முன்னணிக்குப் போகவில்லை. அவர் என்ன செய்தாரோ அதை எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் பெருகியபோது சேர்ந்த தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. ஆவடி, அம்பத்தூர், வில்லிவாக்கம், பல்லாவரம், தாம்பரம் பக்கம் இவர்கள் இல்லாத தெருவே கிடையாது. இந்த வேலையைத் தள்ளிப்போட நேரம் இல்லை.

அதற்காக அவசரப்படவும் கூடாது. பதினாறு நாளில் ஒரு ராணுவ வாழ்க்கையை எழுத முடியாது. படத்திறப்புக்கு ஒற்றைத் தாள் போதும்: பெயர், சர்வீஸ் எண், கடைசிப் பதவி, படைப்பிரிவு, சேர்ந்த தேதி, விடுபட்ட தேதி, பதக்கங்களின் பெயர். மலரை முதலாண்டு நினைவு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதிச் சடங்கு நாளுக்கு இரண்டு எச்சரிக்கை. கடையில் தேசியக் கொடி வாங்கி உடல்மேல் போர்த்தாதீர்கள். 2002 கொடி விதிகளின்படி அரசு மரியாதை, படைகள், துணை ராணுவப் படைகள் நடத்தும் இறுதிச் சடங்குகளில் மட்டுமே அது அனுமதி. மற்றபடி செய்தால் 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம். அந்தப் பகுதி முன்னாள் படைவீரர் சங்கத்துக்குச் சொன்னால் மலர்வளையத்தோடு வந்து சல்யூட் வைப்பார்கள், அது முறையானது. அடுத்து, பதக்கங்களைச் சட்டையில் குத்தியிருந்தால் வீட்டைவிட்டுக் கிளம்பும்போதே கழற்றி ஒருவர் பொறுப்பில் கொடுங்கள். மயானத்தில் தொலைந்த பதக்கம் திரும்பி வராது.

நினைவு வேலைக்கு முன்னால் பென்ஷன் வேலை. இறந்த தகவலைப் படையினர் ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்திலோ, பென்ஷன் இன்னும் வங்கி மூலம் வந்தால் வங்கியிலோ உடனே பதிய வேண்டும். இறந்த பிறகு கணக்கில் ஏறிய பணத்தை எடுத்துவிட்டால் பின்னால் பிடித்தம் வரும். மனைவி பெயர் பென்ஷன் பேமென்ட் ஆர்டரில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால் (சரோஜா, சரோஜம்மாள்) குடும்ப ஓய்வூதியம் அங்கேயே நின்றுவிடும். இந்தத் திருத்தம் ரெக்கார்ட் ஆபீஸ் (அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகம்) வழியாகத்தான் நடக்கும். அசல் தாள்கள் எல்லாம் இந்தக் கட்டத்தில்தான் கைமாறும், ஆகவே எதையும் கொடுக்கும் முன் ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

இனி டிரங்குப் பெட்டி. திறப்பதற்கு முன் மூடியைப் படம் எடுங்கள். கறுப்புப் பெயின்ட்மேல் வெள்ளையில் எண், பதவி, பெயர், யூனிட், சில பெட்டிகளில் சொந்த ஊர் ரயில் நிலையம் வரை எழுதியிருக்கும். மாறுதல் வந்தபோதெல்லாம் பழையதன்மேல் கறுப்பு அடித்துப் புதிதாக எழுதியிருப்பார்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சை மூடியோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அடியில் உள்ள எழுத்து மேடாகத் தெரியும். நாயக் என்பதன்மேல் ஹவில்தார், ஒரு யூனிட்மேல் இன்னொரு யூனிட். பெட்டியைத் துடைத்துப் புதுப் பெயின்ட் அடித்துப் பூச்சாடி வைக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. அது அந்த மனிதரின் முதல் பக்கத்தைக் கிழிப்பதற்குச் சமம்.

உள்ளே முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புக். சேர்ந்த தேதி, இடம், அப்போது சொன்ன வயது, உயரம், அங்க அடையாளம், பயிற்சிகள், பதக்கங்கள், விடுபட்ட காரணம் எல்லாம் அதில் இருக்கும். காரணம் என்ற இடத்தில் ராணுவ விதி 13(3) என்று போட்டு ரோமன் எழுத்தில் ஒரு உட்பிரிவு இருக்கும். III(i) என்றால் ஒப்பந்தக் காலத்தை முழுமையாக முடித்தவர். III(iii) என்றால் மருத்துவக் காரணம். III(iv) என்றால் தானே கேட்டு முன்னதாக வந்தவர், பெரும்பாலும் வீட்டு நிலைமைக்காக. இந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு குடும்பக் கதை இருக்கும்; அவர் வந்த வருடத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று மூத்த அத்தையிடமோ சித்தப்பாவிடமோ கேளுங்கள். நன்னடத்தைக்கான மதிப்பில் 'எக்செம்ப்ளரி' என்பதுதான் உச்சம். அது இருந்தால் மலரில் அப்படியே போடுங்கள்.

டிஸ்சார்ஜ் புக்கில் உள்ள பிறந்த தேதியும் குடும்பம் சொல்லும் வயதும் ஒத்துப்போகாது. ஆள் எடுக்கும் இடத்தில் வயதுச் சான்று இல்லாமல் குத்துமதிப்பாகப் போட்ட தேதி அது. அடுத்த தலைமுறை இரண்டையும் பார்த்துக் குழம்பும், எனவே பதிவேட்டுத் தேதி இது, வீட்டில் சொல்வது இது என்று இரண்டையும் எழுதிவிடுங்கள்.

எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. சிப்பாயாகச் சேர்ந்து நாயப் சுபேதார் ஆனவருக்கு அப்போது ஜேசி என்று தொடங்கும் புதிய எண் கிடைக்கும். ஒரே மனிதருக்கு இரண்டு எண். பழைய எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் பிற்கால வாழ்க்கை கிடைக்காது, ஜேசி எண்ணை மட்டும் வைத்தால் முற்காலம் கிடைக்காது. இன்னொன்று: 1965-க்கு முன்பு நாயப் சுபேதார் பதவிக்கு ஜமேதார் என்று பெயர். பழைய படத்தில் ஜமேதார், பென்ஷன் தாளில் நாயப் சுபேதார் என்றிருந்தால் பதவி இறங்கிவிட்டதென்று பதற வேண்டாம்.

பதக்கங்களில்தான் மலர் எழுதுவோர் அதிகம் சறுக்குகிறார்கள். 1965 போருக்கு இரண்டு உண்டு: சமர் சேவா ஸ்டார், ரக்ஷா மெடல். முன்னது போர்ப் பகுதிகளில் இருந்தவர்களுக்கு. பின்னது அந்தக் காலத்தில் பணியில் இருந்த பெரும்பாலோருக்கும் கிடைத்தது. 1971-க்கும் அதே கணக்கு. கிழக்கே, அதாவது வங்கதேசப் பக்கம் போனவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே பாகிஸ்தான் எல்லையில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார், பொதுவாக எல்லோருக்கும் சங்க்ராம் மெடல். சங்க்ராம் மெடல் மட்டும் இருந்து ஸ்டார் இல்லையென்றால் "போர்க்களத்தில்" என்று எழுதக் கூடாது. "போர்க் காலத்தில் பணியில்" என்று எழுதுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

வீரத்துக்கு அல்லாமல் காலத்துக்காகக் கொடுத்த பதக்கங்களும் நல்ல துப்பு. சுதந்திர வெள்ளிவிழா மெடல் 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கானது. பொன்விழா மெடல் அதேபோல 1997-க்கு. ஒன்பது வருடம், இருபது வருடம் என நீண்ட சேவை மெடல்கள் தனி. சைன்ய சேவா மெடலின் ரிப்பனில் ஒரு சிறு உலோகப் பட்டை இருக்கும். அதில் உள்ள இடப்பெயர், ஜம்மு காஷ்மீரோ ஹிமாலயாவோ நேஃபாவோ (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்), அவர் எங்கே நின்றார் என்பதற்கு நேரடிச் சாட்சி.

பதக்கம் அவருடையதுதானா என்று பார்ப்பது எளிது. சுதந்திரத்துக்குப் பிந்தைய பதக்கங்களில் விளிம்பிலோ பின்புறத்திலோ எண், பதவி, பெயர் அடித்திருக்கும். எழுத்து மிகச் சிறியது. ஜன்னலோரம் பிடித்து, மெல்லச் சுழற்றிச் சுழற்றிப் படம் எடுத்தால் படிக்கலாம். பெயரே இல்லையென்றால் அது கன்டோன்மென்ட் கடைகளில் தைத்து வாங்கிய நகலாக இருக்கும். அசல் தொலையாமல் இருக்க நகலைக் குத்திக்கொள்வது வழக்கம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அசலைப் பெட்டியின் அடியில் தேடுங்கள்.

தயவுசெய்து பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்குச் செய்வதை இதற்கும் செய்து, விளிம்பில் இருந்த பெயரையே கரைத்துவிட்ட வீடுகள் உண்டு. பிராஸோ, பல்பொடி, விபூதி எதுவும் வேண்டாம். மங்கிய நிறம் அப்படியே இருக்கட்டும். பச்சைப் பூஞ்சை போலப் படிந்திருந்தால் மட்டும் மூங்கில் பல்குச்சியால் மெதுவாகத் தட்டி எடுத்து, உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றிவிடுங்கள். ரிப்பனைத் துவைக்கக் கூடாது, சாயம் ஒன்றில் ஒன்று இறங்கிவிடும்.

அடுத்து கடிதங்கள். இவற்றில் ஊர்ப் பெயரே இருக்காது. முகவரி "மேற்பார்வை 56 ஏபிஓ" அல்லது "99 ஏபிஓ" என்று முடியும். ஏபிஓ என்றால் ராணுவத் தபால் நிலையம். 56 ஏபிஓ தில்லி வழியாகப் பிரியும் தபால், 99 ஏபிஓ கல்கத்தா வழியாகப் பிரிவது. ஆகவே 1971 நவம்பர் முத்திரையோடு 99 ஏபிஓ முகவரியும் பெட்டியில் பூர்வி ஸ்டாரும் இருந்தால் அவர் கிழக்கே இருந்தார் என்பது உறுதி. கடிதம் மட்டும் தனியாக இருந்தால் அத்தனை உறுதியாகச் சொல்ல முடியாது. அஸ்ஸாம், நாகாலாந்து மலைகளில் இருந்தவருக்கும் 99-தான். முத்திரையில் எஃப்பிஓ (கள அஞ்சல் நிலையம்) என்று போட்டு ஒரு எண் இருக்கும். அந்த எண் மாறும் இடத்தில் யூனிட் நகர்ந்திருக்கலாம். முகவரியையும் முத்திரையையும் சேர்த்து ஸ்கேன் செய்யாமல், உள்ளே எழுதியதை மட்டும் எடுக்கிறவர்கள் பாதிச் செய்தியை விட்டுவிடுகிறார்கள்.

உள்ளே "நான் நலம், அங்கு அனைவரும் நலமா" என்பதைத் தாண்டி அதிகம் இருக்காது. எங்கே இருக்கிறோம் என்று எழுதக் கூடாது என்பது விதி. ஆனால் மணியார்டர் கூப்பன்களை விடாதீர்கள். அந்தச் சின்னத் தாளின் அடியில் இரண்டு வரிக்குத்தான் இடம். "தம்பி பீஸ் கட்டவும். மீதியில் ஓடு மாற்றவும்." தொகையையும் தேதியையும் வரிசையாக எழுதிப் பார்த்தால் பதவி உயர்ந்தது, தங்கை கல்யாணம், நிலம் வாங்கியது எல்லாம் தெரிந்துவிடும். ஒரு சிப்பாயின் வாழ்க்கையை இதைவிட நேராகச் சொல்லும் தாள் வேறு எதுவும் இல்லை.

படங்களில் தொப்பிச் சின்னத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். யானை இருந்தால் மதராஸ் ரெஜிமென்ட். 1803 அசாயே போரின் நினைவாக வந்தது அது. ஓடும் மெர்குரி (ரோமானியத் தூதுத் தெய்வம்) உருவம் சிக்னல்ஸ், குதிரை என்றால் வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுதுபார்க்கும் ஈஎம்இ, பீரங்கி என்றால் ஆர்ட்டிலரி. குரூப் போட்டோவில் கீழ் அட்டையில் அச்சிட்ட பெயர்வரிசையை வெட்டிவிட்டு ஸ்கேன் எடுக்காதீர்கள். கூட நின்றவர்களைக் கண்டுபிடிக்க அதுதான் வழி. படத்துக்கு 600 டிபிஐ, தாள்களுக்கு 300 போதும், பாஸ்போர்ட் அளவுக்கு 1200. சென்னை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன சுவர்ப் படத்தை உரிக்கக் கூடாது. உரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். ஃபிளாஷ் இல்லாமல் கண்ணாடியோடே படம் எடுங்கள்.

தாள்கள் சொல்வது ஓரிடத்தில் நின்றுவிட்டால், அதற்கப்புறம் பாட்டிதான். "தாத்தா எங்கே வேலை பார்த்தார்" என்று கேட்டால் "வடக்கே" என்பார். "பெரியப்பா எந்த ஊரில் பிறந்தார், அம்மா முதல் வகுப்பு எங்கே படித்தார்" என்று கேளுங்கள். குடும்பக் குவார்ட்டர்ஸ் கிடைத்த ஊர்கள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிலும் கேந்திரிய வித்யாலயா டி.சி.யிலும் இருக்கும். எந்த வருடங்களில் மனைவி ஊருக்குத் திரும்பினார் என்று பார்த்தால், கணவர் ஃபீல்டுக்கு (குடும்பத்தை அழைத்துப்போக முடியாத பகுதிக்கு) போன காலம் பிடிபடும். அந்த வருடங்களில் மாமியார் வீட்டில் தனியாக நின்று குடும்பத்தை நடத்தியவரும் அந்த மனைவிதான். அதுவும் மலரில் வர வேண்டும், அவர் பெயரோடு.

இன்னும் இருக்கும் ஓட்டையை ரெக்கார்ட் ஆபீஸ் அடைக்கும். மதராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸுக்கு (பொறியாளர் படை) பெங்களூர், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஈஎம்இக்குச் செகந்திராபாத், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு. ஓய்வுக்குப் பிறகு டிஎஸ்சியில் (ராணுவ நிலையங்களைக் காவல் காக்கும் படை) மறுபடி சேர்ந்தவராக இருந்தால் கண்ணூருக்குத் தனியாக எழுத வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம், அதனால் கடைசிப் பத்து வருடம் காணாமல் போகிறது. இறப்புச் சான்று நகல், உறவுச் சான்று, டிஸ்சார்ஜ் புக் முதல் பக்க நகல் வைத்து ஆங்கிலத்தில் எழுதுங்கள். "முழு விவரம் தரவும்" என்று கேட்டால் பதில் வராது. யூனிட்களும் தேதிகளும், பதவி உயர்வுத் தேதிகள், பயிற்சிகள், பதக்கத் தகுதி என்று தனித்தனியாகக் கேளுங்கள். தகுதி இருந்தும் கைக்கு வராத பதக்கம் இருந்தால் அப்போது வெளிவரும். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு. ராணுவத்துக்கு இணையத்திலேயே போடலாம், முப்பது நாள் கெடு. பென்ஷன் இல்லாமல் சீக்கிரம் வெளிவந்தவர்களின் ஆவணங்கள் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிக்கப்படுகின்றன, எனவே அப்படிப்பட்ட குடும்பங்கள் முதலில் எழுத வேண்டும். பதிலில் வரும் சுருக்கெழுத்தில் டிஓஎஸ் என்றால் அந்த யூனிட்டில் சேர்ந்த நாள், எஸ்ஓஎஸ் என்றால் விடுபட்ட நாள்.

நந்தம்பாக்கம் போர்க் கல்லறையில் போய்த் தேடுகிறவர்களையும் பார்க்க முடிகிறது. அங்கே இருக்கும் எண்ணூற்றுக்கும் மேற்பட்ட கல்லறைகள் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இறந்தவர்களுடையவை. முதல் உலகப் போரில் இறந்தவர்களின் பெயர்களும் தனி நினைவுச் சின்னத்தில் உண்டு. ஊர் திரும்பி வாழ்ந்தவர் பெயர் அங்கே இருக்காது. கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பர்மாவிலிருந்து வரவே இல்லை என்ற கதை வீட்டில் இருந்தால் மட்டும், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயர் போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் வருடத்துக்கு ஒரு பக்கமாக இறக்குங்கள். தாளில் உள்ளது பேனாவில், வாய்மொழி பென்சிலில். இரண்டும் மோதும் இடத்தில் எதையும் அழிக்க வேண்டாம். மலர் எழுதும்போது பேனா வரிகள் நேராகப் போகட்டும். பென்சில் வரிகளுக்கு "என்று சொல்வார்", "என்று பாட்டி நினைவுகூர்கிறார்" என்று சேருங்கள்.

இலங்கைக்குப் போனவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அமைதிப்படை 1987 ஜூலையில் போய் 1990 மார்ச்சில் திரும்பியது. ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கியபோது முதலமைச்சர் வரவேற்கப் போகவில்லை. அந்த மண்ணின் மொழி தெரிந்த தமிழ்ச் சிப்பாய்கள் எதைக் கேட்டார்கள், எதை மொழிபெயர்த்துச் சொல்ல நேர்ந்தது என்பதைப் பலர் வீட்டில் வாய் திறக்கவே இல்லை. அவர் பேசாததைப் பேரன் ஊகித்து எழுதக் கூடாது. யூனிட், இடம், தேதி, அதோடு நிறுத்துங்கள்.

இதற்கு நேர்மாறாக, ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையை எல்லோரும் இரண்டு வரியில் முடிக்கிறார்கள். முப்பத்தைந்து நாற்பது வயதில் வெளிவந்தவருக்கு அதற்குப் பிறகுதான் வாழ்க்கையின் பெரும்பகுதி. ஆவடி டாங்க் ஃபேக்டரியிலும் படை உடைத் தொழிற்சாலையிலும் பெரம்பூர் ஐசிஎஃப்பிலும் இரண்டாவது வேலை. வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்ற வருடங்கள். கேன்டீன் சாமானுக்கு வரிசை. தெரு நலச் சங்கத்தில் தண்ணீர் லாரிக்கு அலைந்தது. அந்தத் தொழிற்சாலைகளின் அடையாள அட்டை, சங்கச் சந்தா ரசீது, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புக் எல்லாம் அதே பெட்டியில் இருக்கும். அதே சிரத்தையோடு அவற்றையும் நோட்டில் ஏற்றுங்கள்.

பாதுகாப்பு பற்றி. டிஸ்சார்ஜ் புக்கை லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை மங்கும், பிறகு பிரிக்கவே முடியாது. கஞ்சி போடாமல் துவைத்த வெள்ளைத் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஜெல்லை மாற்றுங்கள். அந்துருண்டை தாளிலும் ரிப்பனிலும் படக் கூடாது. ஓஜி (ஆலிவ் பச்சை) சீருடைச் சட்டையிலும் கோட்டிலும் உள்ள உலோகச் சின்னங்களைக் கழற்றித் தனியாக வைத்தால்தான் துரு துணியில் இறங்காது. பெட்டி தரையில் இருக்க வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கட்டிலுக்கடியில் இருந்தவைதான் போயின. நனைந்துவிட்டால் வெயிலில் போடாமல், ஒட்டிய பக்கங்களைப் பிரிக்காமல், பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டுப் பிறகு நிதானமாக உலர்த்தலாம்.

மலர் அச்சானதும் ஒரு பிரதி அவருடைய ரெஜிமென்ட் சென்டருக்கு, ஒன்று தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு, ஒன்று சொந்த ஊர் நூலகத்துக்கு. ஸ்கேன்களின் நகல் குறைந்தது இரண்டு வீடுகளில் இருக்கட்டும். பின்னட்டையில் கண்ணீர்க் கவிதைக்குப் பதில் அவருடைய எண்ணையும் (இரண்டு இருந்தால் இரண்டையும்) யூனிட்களின் பட்டியலையும் போடுங்கள். கூட இருந்தவர் வீட்டுப் பேரன் எங்கோ ஒரு ஊரில் அதே யூனிட் பெயரைத் தேடிக்கொண்டிருப்பான்.